ஒரு மா நிலமும் ஒரு சீனக் குதிரையும்

கேட்கப்பட்ட கேள்வி இது: “சீன மொழியில் ‘மா’ என்றால் குதிரை. சங்கத் தமிழிலும் ‘மா’ என்றால் குதிரை. வங்காளத்தில் ‘மா’ என்றால் அம்மா, சீனத்திலும் அப்படியே. இவையெல்லாம் தமிழிலிருந்து போன சொற்கள்தானே? இல்லையென்றால் ஒரே சொல் எப்படி இத்தனை மொழிகளில், இத்தனை பொருளில் இருக்க முடியும்?”

முதல் பகுதிக்கு விடை: இல்லை, போகவில்லை. ஒன்றே ஒன்று போனது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாம் பகுதிதான் உண்மையில் சுவையான கேள்வி. அதற்குச் சற்று நிதானமாகத்தான் விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் சீனத்துக்குப் போகும் முன்பே நம் வீட்டுக்குள் இந்த ஓரெழுத்து படுத்தும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்பதற்கு நம் இலக்கணத்தில் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று பெயர். பவணந்தி முனிவர் நன்னூலில் அப்படி 42 சொற்களைக் கணக்கிடுகிறார். மகர வரிசையில் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் மாவுக்கு வேலை அதிகம். மாமரம் மா. அரைத்த பொடி மா. விலங்கு மா. விலங்குகளிலும் குறிப்பாகக் குதிரை மா. பெரியது மா, மாநகரம், மாமன்னன். கருமையும் மா, மாநிறம் என்ற சொல்லிலும் மாயோன் என்ற பெயரிலும் அது இருக்கிறது. இவை போதாதென்று நில அளவு ஒன்றும், பின்னம் ஒன்றும்.

நில அளவு இன்றும் காவிரிப் படுகையில் புழக்கத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் “எவ்வளவு நிலம்?” என்று கேளுங்கள்; ஏக்கர் கணக்கு தெரிந்தவர்கூட “எட்டு மா” என்பார். ஒரு மா என்பது நூறு குழி. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி என்றால், அதாவது 144 சதுர அடி என்றால், ஒரு மா 14,400 சதுர அடி. ஏறக்குறைய 33 சென்ட். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி.

இருபது என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் ‘மா’ என்றால் 1/20. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. ஒன்றில் இருபதில் ஒரு பங்கும் மா. நில அளவும் பின்னமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். நாலு முந்திரி ஒரு காணி (1/80), நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். ஒரு மாவோடு ஒரு காணியைக் கூட்டினால் மாகாணி; 1/20 + 1/80 = 1/16. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இதை மனக்கணக்காகப் போட்டார்கள். இந்தப் பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை 2019ஆம் ஆண்டில்தான் ஒருங்குறியில் ஏறின. கணினியில் இன்று மாவுக்கும் மாகாணிக்கும் தனி இடம் உண்டு, எழுதத்தான் ஆளில்லை.

சங்க இலக்கியத்தில் இந்த நில மா வரும் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்குவது எப்படி என்று புத்தி சொல்கிறார். “காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே, மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்.” விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைவான நிலத்தின் விளைச்சலே பல நாளைக்கு வரும். யானையையே வயலில் இறக்கி மேயவிட்டால் நூறு வயலும் போதாது. வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுக் கெடுவதே அதிகம். இதில் குறும்பு என்னவென்றால், யானையும் ஒரு மாதான். ‘கைம்மா’ என்பார்கள், கையுள்ள விலங்கு. ஒரு மாவின் வயிற்றுக்கு ஒரு மா நிலம்கூட வேண்டாம் என்று இதைப் படிக்கலாம். புலவர் அப்படி நினைத்து எழுதினாரா என்று கேட்காதீர்கள். படிக்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

இத்தனை மாவும் ஒரே வாயில் புழங்கினால் குழப்பம் வராதா? வரவில்லை. காரணம், மா தனியாக நடமாடுவதே இல்லை. பக்கத்தில் ஒரு சொல் வந்து நின்றதும், இது எந்த மா என்று அந்தச் சந்தியே சொல்லிவிடும். ‘பழம்’ சேருங்கள்: மாம்பழம். ‘கோலம்’ சேருங்கள்: மாக்கோலம். ‘பெரும்’ சேருங்கள்: மாபெரும். மரமானால் நடுவில் மெல்லின ஒற்று வருகிறது; மாங்காய், மாந்தோப்பு எல்லாம் அப்படித்தான். பொடியானால் வல்லின ஒற்று இரட்டிக்கிறது. ‘பெரிய’ என்ற பொருளானால் ‘மாபெரும்’ போல ஒன்றும் நடக்காமல் நிற்கிறது. யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மாம்கோலம் என்றோ மாக்காய் என்றோ ஒரு குழந்தைகூடச் சொல்லாது.

தொல்காப்பியர் இதைக் கவனித்து விதியே வகுத்திருக்கிறார். மரமாகிய மாவுக்கும் விலங்காகிய மாவுக்கும் அவர் வேறு வேறு சாரியை சொல்கிறார். ‘கோடு’ என்ற சொல்லைச் சேர்த்தால் தெரியும். அதற்குக் கிளை என்றும் பொருள், கொம்பு என்றும் பொருள். ‘மாஅங்கோடு’ என்றால் மாமரத்தின் கிளை. ‘மான்கோடு’ என்றால் விலங்கின் கொம்பு. இரண்டு பக்கமும் இருபொருட் சொற்கள். நடுவில் நிற்கும் ஒரு மெய்யெழுத்து இரண்டையும் தீர்த்துவைக்கிறது. பஞ்சாயத்து முடிந்தது.

சந்தி என்ற அந்தத் தடுப்பு போதாத இடத்தில் மக்கள் வேறு தடுப்பு போட்டார்கள். தமிழ்நாட்டில் பொடியைக் குறிக்கும் மா, ‘மாவு’ ஆகிவிட்டது. இலங்கையில் அப்படி ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக் கடையில் இன்றும் கோதுமை மா, அரிசி மா, உளுத்தம் மா. மலையாளிகளுக்கு மாமரமும் ‘மாவு’, பொடியும் ‘மாவு’. கன்னடத்திலோ ‘மாவு’ என்றால் மாமரம். பழம் ‘மாவின ஹண்ணு’. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்க் கடையில் மாவு கேட்டால், அது இட்லிக்கா ஊறுகாய்க்கா என்று கடைக்காரர் யோசிக்க நியாயம் இருக்கிறது. தெலுங்கில் ‘மா’ என்றால் ‘எங்கள்’. ‘மா இல்லு’ என்றால் எங்கள் வீடு. கேட்கிறவருக்கு அதில் பங்கில்லை. அவரையும் சேர்த்து ‘நம்’ என்று சொல்ல ‘மன’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நம்முடைய எம், நம் வேறுபாடுதான் இது. எம் தலைகீழாகத் திரும்பி மா ஆனது. இது தற்செயல் இல்லை, உண்மையான உறவு. எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனிச் சீனம். சிங்கப்பூரில் இருந்த காலத்தில் மாலை நேர வகுப்பு ஒன்றில் மாண்டரின் படிக்க முயன்றேன். முதல் வாரமே இந்த மாவைத்தான் எடுத்தார்கள். உலகில் எங்கே மாண்டரின் சொல்லிக்கொடுத்தாலும் அநேகமாக இங்கேதான் தொடங்குகிறது. குரலை ஒரே உயரத்தில் நிறுத்தி நீட்டினால், அம்மா. நாம் “என்ன?” என்று கேட்கும்போது மேலேறுவதுபோல ஏற்றினால், சணல் இனத்துச் செடி. கீழே இறக்கி மறுபடி தூக்கினால், சந்தேகத்தோடு “ஓஹோ” என்பதுபோல, குதிரை. “போ!” என்று விரட்டுவதுபோல வெட்டி இறக்கினால், திட்டு. அழுத்தமே இல்லாமல் வாக்கியத்தின் வாலில் லேசாக ஒட்டினால், நம் ‘-ஆ’ போன்ற வினா எழுத்து. சணலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் வைத்து வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார்கள். தமிழில் எழுதினால் “மாமா மா மா மா?” பொருள்: “அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?”

என் வாயில் அது வரவில்லை. தமிழ் வாய்க்குக் குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் முடிவு, அவ்வளவுதான் தெரியும். நான் என் அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு வகுப்பே சிரித்தது. அன்று என் அம்மா குதிரையாகிவிட்டார். ஆனால் அதே வகுப்பில் இன்னொன்றும் புரிந்தது. சீனர்களுக்கு இவை ‘ஒரே சொல்லின் ஐந்து பொருள்’ இல்லவே இல்லை. அவர்கள் காதில் இவை ஐந்து வேறு சொற்கள், நமக்கு வலியும் வழியும் வளியும் வேறாக இருப்பதுபோல. லகர, ழகர, ளகரம் மூன்றும் ஒன்றாகவே கேட்கிற ஒரு வெளிநாட்டவர் “தமிழில் ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்!” என்று வியந்தால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் நாம் சீனர்களிடம் செய்துகொண்டிருக்கிறோம். நம் எழுத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஒரே சொல் என்கிறோம். ஒன்றாக இருப்பது நம் எழுத்தில்தான்.

மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் மொத்தமே சுமார் 400 அசைகள்தான். எடுத்தால் சுமார் 1,300. ஒரு நாகரிகத்தின் பேச்சு முழுவதையும் அந்தச் சில நூறு அசைகளில் அடக்க வேண்டும். ஆகவே ஓர் அசை பல பொருள் சுமப்பதும், அவற்றைப் பிரிக்கக் குரல் உயர்ந்து தாழ்வதும், பிறகு இரண்டிரண்டு அசைகளாகச் சேர்ந்து சொல்லாவதும் அங்கே கட்டாயம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு ‘மாலா’ என்ற காரக் குழம்பு தெரியும். அதில் ‘மா’ என்பது அந்தச் சணல் செடியின் எழுத்தேதான். இங்கே அதன் பொருள் நாக்கு மரத்துப்போவது. ‘லா’ என்பது காரம். சிச்சுவான் மிளகைக் கடித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

வியட்நாமியர்கள் இதில் சீனர்களையும் மிஞ்சியவர்கள். ஆறு தொனி. ஆறிலும் மாவுக்குப் பொருள் உண்டு: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. தெற்கு வியட்நாமில் அம்மாவைக் கூப்பிடும் மாவே கன்னத்தையும் குறிக்கும். அவர்கள் இன்று எழுதுவது உரோமன் எழுத்து. அலெக்சாந்தர் தெ ரோட் என்ற ஏசு சபைப் பாதிரியாரின் அகராதி 1651இல் உரோமில் அச்சாகி அந்த எழுத்து முறைக்கு அடித்தளமிட்டது. எழுத்தின் தலையில் ஒரு கோடு, சுழி, கீழே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விட்டுப்போனால் வயலில் நட்ட நாற்று பேயாகிவிடும்.

தாய்லாந்தில் ‘மா’ என்றால் வா, வருதல். வேறு தொனியில் குதிரை. இன்னொரு தொனியில் நாய். இந்த மொழியில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லாராய்ச்சி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் தவறாமல் விழும் பொறி. தாய் மொழியில் மாம்பழத்துக்கு ‘மமுவாங்’. கேட்டவுடன் நமக்குப் புல்லரிக்கிறது: மா! மாம்பழம்! அவசரப்படாமல் பக்கத்துக் கூடைகளையும் பாருங்கள். தேங்காய் ‘மப்ராவ்’. எலுமிச்சை ‘மனாவ்’. பப்பாளி ‘மலகோ’. அந்த ‘ம’ என்பது காய்கனிகளின் பெயருக்கு முன்னால் பொதுவாக ஒட்டும் முன்னொட்டு. ‘மாக்’ என்ற அவர்களுடைய பழைய சொல் தேய்ந்து வந்தது. மாம்பழத்தில் மட்டும் பார்த்தால் தமிழ். கூடையோடு பார்த்தால் தாய்.

இதே சோதனையைக் குதிரைக்கும் வையுங்கள். சீனக் குதிரையின் பழைய உச்சரிப்பை மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதில் மகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே ஒரு ரகரம் இருந்தது. உறவு மொழியான பர்மியத்தில் குதிரையை எழுதும்போது அந்த ரகரத்தை இன்றும் எழுதுகிறார்கள்; வாயில் அது யகரமாகிவிட்டது. மங்கோலியர்களுக்கு ‘மோரி’. தமிழ் மாவிலோ ரகரத்தின் சுவடே இல்லை. அதைவிட முக்கியம், நம் மாவின் அடிப்படைப் பொருள் குதிரையே இல்லை. “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்கிறது தொல்காப்பியம். அங்கே மா என்றால் பொதுவாக விலங்கு. அரிமா சிங்கம், கைம்மா யானை. போர்க்களத்தைப் பாடும்போது எந்த விலங்கு என்று சொல்லாமலே விளங்கும் என்பதால் ‘கலிமா’, அதாவது செருக்குள்ள விலங்கு, குதிரையாயிற்று. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துக்குக் குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்குகின்றன. “நீரின் வந்த நிமிர்பரிப் புரவி”. வெளியிலிருந்து குதிரை வாங்கிய நாடு, குதிரைக்குச் சொல்லைச் சீனத்துக்கு ஏற்றுமதி செய்தது என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டாமா?

அம்மாவின் கணக்கு வேறு. வங்காள மா, இந்தி மா, சீன மா, தென் வியட்நாம் மா, நம் அம்மா, ஆங்கில மாமா. இத்தனை மொழிகளிலும் மகரம் வருவது தற்செயல் என்று சொல்லி நழுவ முடியாது. ஆனால் உறவு என்றும் சொல்ல முடியாது. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1950களின் இறுதியில் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய், தந்தைச் சொற்கள் அவர் கையில் இருந்தன. தாயைக் குறிப்பவற்றில் பாதிக்கு மேல் ம, ந போன்ற மூக்கொலிகள். காரணம் குழந்தையின் வாயில் இருக்கிறது. பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்கும். அப்போது முனகினால் மூக்கு வழியாக வரும் ஒலி மகரம் ஒன்றுதான். வாயை எடுத்துத் திறந்தால் ஆ. இரண்டும் சேர்ந்தால் மா. குழந்தை பசிக்கு முனகியது. தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று பெற்றவள் எடுத்துக்கொண்டாள். எந்த ஊர்ப் பெற்றவள்தான் எடுத்துக்கொள்ளமாட்டாள்?

எல்லா ஊரிலும் அம்மாவே முந்திக்கொண்டாள் என்றும் இல்லை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தெதா’. நமக்கு மாமா வேறு ஆள். சிங்களத்தில் நீட்டிச் சொன்னால் அவர்களுக்கும் அவர் மாமாதான், குறுக்கி ‘மம’ என்றால் ‘நான்’. எழுத்துச் சிங்களத்தில் ‘மா’ என்பதும் அந்த ‘நான்’ என்பதன் ஒரு வடிவமே. கொழும்பில் ஒரே தெருவில் ஒரு கடைக்காரருக்கு மா என்பது மூட்டையில் இருக்கிறது, அடுத்தவருக்கு அவரே மா. சிங்களத்தின் இந்த மாவும், ‘என்னுடைய’ என்று பெண்பாற் பெயர்களுக்கு முன் வரும் பிரெஞ்சு மாவும், ஆங்கிலத்தின் மீயும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இந்தோ ஐரோப்பியக் குடும்பம். எஸ்தோனிய மொழியிலும் ‘மா’ என்றால் ‘நான்’. ஆனால் அது வேறு குடும்பம்.

சமஸ்கிருதத்து மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் ஆசிரியர் கனவில் வந்து கேட்பார். அங்கே ‘மா’ என்றால் ‘வேண்டாம், கூடாது’. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் “மா சுச:” என்று கண்ணன் சொல்வது ‘வருந்தாதே’. அதே மொழியில் ‘மா’ என்றால் திருமகளும்தான். மாதவன் என்ற பெயரை அவளுடைய கணவன் என்று விரிக்கிறார்கள். இந்த இரண்டு மாவும் மோதிக்கொண்ட இடம் வால்மீகி இராமாயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. இணைப் பறவைகளில் ஒன்றை வேடன் வீழ்த்துகிறான். பார்த்த முனிவரின் வாயிலிருந்து “மா நிஷாத” என்று சாபம் கிளம்புகிறது: வேடனே, நீ நிலைபேறு அடையாதிருப்பாயாக. ஆதி கவியின் முதல் சுலோகம் ஒரு சாபமாக இருக்கலாமா? உரைகாரர்களுக்கு உறுத்தியது. ‘மா’வையும் ‘நிஷாத’வையும் ஒட்டினார்கள்: மாநிஷாதன், திருமகள் தங்கும் இடமானவன், திருமால். சாபம் மங்களமாகிவிட்டது. வேடன் மறைந்தான், விஷ்ணு வந்தார். இரண்டு சொல்லுக்கு நடுவே இருந்த இடைவெளியை மூடியது தவிர அவர்கள் வேறு எதையும் மாற்றவில்லை.

இந்த ‘வேண்டாம்’ மா கிரேக்கத்தில் ‘மே’, ஆர்மீனியத்தில் ‘மி’. இவை உண்மையான உறவினர். துருக்கியில் வினையின் வாலில் ‘மா’ வந்தால் எதிர்மறை. ‘யாப்’ என்றால் செய், ‘யாப்மா’ என்றால் செய்யாதே. பர்மியத்தில் வினைக்கு முன்னால் ‘ம’ வந்தால் எதிர்மறை, திபெத்தியத்திலும் அப்படித்தான். அரபியில் ‘மா’ என்றால் ‘இல்லை’யும் உண்டு. துருக்கி, பர்மா, அரபு மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். சமஸ்கிருதத்தோடும் சம்பந்தம் இல்லை. அரபியில் அதே மாவுக்கு ‘என்ன’ என்றும் ‘எதுவோ அது’ என்றும் பொருள். நம் ஊரில் பிள்ளையைப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்கிறார்களே, அதன் முதல் எழுத்து இந்த மாதான்: இறைவன் நாடியது எதுவோ அது.

ஐரோப்பாவை ஓட்டமாகக் கடந்துவிடலாம். இத்தாலியத்தில் ‘ஆனால்’, போலந்தில் ‘அவனிடம் இருக்கிறது’, அங்கேரியில் ‘இன்று’, அயர்லாந்தில் ‘என்றால்’, கட்டலான் மொழியில் ‘கை’. பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஜப்பானில் மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே ‘மா’ என்றால் இடைவெளி. இரண்டு தூணுக்கு நடுவே இருப்பது, இரண்டு தாளத்துக்கு நடுவே இருப்பது, பேச்சில் நிறுத்தி மூச்சு விடும் இடம். அதற்கான எழுத்தைப் பாருங்கள்: ஒரு வாசற்கதவு, கதவுகளின் சந்தில் சூரியன். ‘மாவுக்குள் பொருந்தினான்’ என்றால் நேரத்துக்கு வந்துசேர்ந்தான் என்று பொருள். ‘மா கெட்டது’ என்றால் வேளை சரியில்லை. ‘மா கழன்றவன்’ என்றால் மடையன். நம் ஊரில் திருகு கழன்றவன் என்பார்கள். அவர்களுக்கு இடைவெளி கழன்றால் ஆள் போச்சு. நம் மேடைப் பேச்சாளர்கள் சிலரைக் கேட்கும்போது இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, ஏன் எல்லா மொழியிலும் இருக்கிறது? உலகில் சுமார் 7,000 மொழிகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மகரம் உண்டு. ஆகாரமோ அதன் நெருங்கிய ஒலியோ இல்லாத மொழி அரிது. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடும் ஒலியை எந்த மொழி வீணாக்கும்? குறுகிய சொல் எல்லா மொழியிலும் மலிவான மனை மாதிரி; காலியாக விட்டுவைக்க மாட்டார்கள். எல்லா மொழியிலும் ‘மா’ இருக்கும்போது, பொருளும் ஒத்துப்போகிற இரண்டைத் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். ‘நுங்கு’ போலவோ ‘கொழுந்து’ போலவோ நீண்ட சொல் இரண்டு தொலைதூர மொழிகளில் ஒரே பொருளில் கிடைத்தால் நானும் எழுந்து உட்காருவேன். ஓரெழுத்துக்கு எழ மாட்டேன்.

உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒற்றைச் சொல்லை வைத்து ஒருபோதும் இல்லை, வரிசையை வைத்து. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆகும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. பால் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. வரிசை வரிசையாக அப்படியே மாறுகிறது. தெலுங்கு மாவை நம் எம்முடைய உறவு என்று சொன்னேனே, அதற்குக் காரணமும் இதுதான். தன்மைச் சொல் மட்டும் இல்லை, ‘உம்’ அங்கே ‘மீ’ ஆவது, ‘அவர்’ அங்கே ‘வாரு’ ஆவது, எல்லாம் அதே மாதிரி உயிர் இடம் மாறிய வரிசை. சீன மாவுக்கும் தமிழ் மாவுக்கும் அப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

போன சொல் ஒன்று உண்டு என்றேனே, அது மாங்காய். 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்ச்சுக்கீசியர்கள் பிறகு மலபார்க் கரையில் வணிகம் செய்யத் தொடங்கியபோது காதில் விழுந்தது மலையாளத்தில் ‘மாங்ஙா’, தமிழில் ‘மாங்காய்’. அவர்கள் அதை ‘மங்கா’ ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி ‘மேங்கோ’ ஆக்கினார்கள். நமக்குக் காய் காய்தான், பழம் பழம்தான். அவர்கள் காயின் பெயரைப் பழத்துக்கு வைத்துவிட்டார்கள். இங்கே மட்டும் ஆவணம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, சரக்கு இருக்கிறது, ஒலி மாறிய படிகளும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. மற்றபடி அந்தச் சீனக் குதிரையை அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

சேலத்துக்குப் போகும் சாலையில் பழச்சாறுக் கடை ஒன்றின் பலகையில் போன கோடையில் பார்த்தேன்: ‘மேங்கோ ஜூஸ் 40 ரூபாய்’. கடைக்குப் பின்னால் மாந்தோப்பு. “மாம்பழச் சாறு ஒன்று” என்று கேட்டேன். “மேங்கோவா சார்?” என்றார் கடைக்காரர்.